ஆளுக்கொரு பூட்டு

நீங்கள் ஒரு தவறு செய்துவிட்டீர்கள். அதற்காக இன்னொருவரின் வேலை போகப்போகிறது. நீங்களே நேரில் போய், "அவர் இல்லை, நான்தான் செய்தேன்" என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். விசாரித்தவர்கள் அந்தக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்து, "உங்கள் மீது ஒன்றுமில்லை அம்மா, வீட்டுக்குப் போங்கள்" என்கிறார்கள். என்ன செய்வீர்கள்? பொய் சொல்லாமல் பதில் சொல்லுங்கள். நானாக இருந்தால் போயிருப்பேன். ஸ்வரூபா போகவில்லை.

ஹைதராபாத் அமீர்பேட்டையில், கீழே புடவைக்கடையும் மேலே பெண்கள் விடுதியின் சமையற்கட்டும் உள்ள ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. நாற்பது பேர். ஸ்வரூபா புரோகிராம் எழுதுவார். நான் அதைச் சோதித்துப் பார்க்கிற பிரிவு. ஆறு வருடம் அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

காமாரெட்டிப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. அப்பா துபாய்க்குப் போனார், அங்கேயே இருந்துவிட்டார். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்தார். சுற்றிய கட்டுகளைக் கொண்டுபோனால் பீடி வாங்குகிற ஆள் ஒரு பிடியை எடுத்து, "இது சரியில்ல" என்று ஓரமாகப் போடுவார். ஏன் சரியில்லை என்று கேட்கக் கூடாது. கேட்டால் மறுநாள் இலை கிடைக்காது. சின்ன வயதில் அதைப் பக்கத்தில் நின்று பார்த்த ஸ்வரூபாவுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது: எதற்கெடுத்தாலும் காரணம் கேட்கிற வியாதி. சாமி கும்பிடமாட்டார். ராகு காலம் பார்க்கமாட்டார். ஆயுத பூஜைக்கு எங்கள் சர்வர் பெட்டிக்குக் குங்குமம் வைத்தபோது, "குங்குமம் காத்தாடிக்குள்ள போனா சூடாகி நின்னுடும், அப்ப யாரு சாமி?" என்று கேட்டு எல்லாரிடமும் கெட்ட பெயர் வாங்கினார்.

இனி அவர் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அநியாயம் விளங்காது.

ஒரே வேலையை ஒரே நேரத்தில் பல பேருக்குச் செய்து கொடுக்க, புரோகிராமுக்குள் பல இழைகள் ஓடும். நூலிழை மாதிரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு கடையில் பத்து வேலையாட்கள் என்று நினையுங்கள். யார் எப்போது எங்கே இருப்பார் என்று முதலாளிக்கே தெரியாத பத்து வேலையாட்கள். இரண்டு பேர் ஒரே பொருளில் கை வைத்தால் கெட்டுப்போகும். அதனால் பூட்டு. ஸ்வரூபா புதிதாக வந்து தங்கிய அமீர்பேட்டை விடுதியில் பதினெட்டுப் பெண்களுக்கு ஒரு குளியலறை. சாவி சுவரில் ஆணியில் தொங்கும். சாவி எடுத்தவள் குளிப்பாள். மற்றவர்கள் வாளியோடு நிற்பார்கள். "பயிற்சி வகுப்புல மூணு நாள் சொல்லியும் புரியாதது, அந்த ஆணியப் பாத்தப்ப ஒரு நிமிஷத்துல புரிஞ்சுது" என்பார் ஸ்வரூபா. ஒரு கதவு, ஒரு பூட்டு, ஒரே சாவி. அவ்வளவுதான் அந்தச் சாஸ்திரம்.

நகரத்தில் ஓர் அரசு மருத்துவமனை. பெயர் வேண்டாம். அங்கே டயாலிசிஸ் பிரிவுக்கு எங்கள் கம்பெனிதான் புரோகிராம் எழுதிக் கொடுத்தது. நிரந்தர முறை கிடைக்காத நோயாளிகள், மறுநாள் காலியாகிற முறைக்காகக் காலையில் வரிசையில் நிற்பார்கள். எட்டு மணிக்குத் திறக்கும். ஆறு கவுண்ட்டரிலும், மேல்மாடியில் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும், வெளியூர் மையங்களிலும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துவார்கள். அந்த முறை காலியா என்று இழை முதலில் பார்க்கும். காலி என்றால் பெயரை எழுதும். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அந்த இடைவெளிக்குத்தான் ஸ்வரூபா ஒரு பூட்டுப் போட்டிருந்தார். எல்லாருக்கும் பொதுவான ஒரே பூட்டு. ஒழுங்காக ஓடியது. மெதுவாக ஓடியது.

பெரிய அதிகாரி ஒருவர் திறப்பு விழா மாதிரி வந்து கவுண்ட்டர் பக்கத்தில் நின்று பார்த்தார். திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று மத்தியானம் எங்கள் மேலாளர் வம்சிதர் ஸ்வரூபாவின் மேசைக்கு வந்தார்.

"அம்மா ஸ்வரூபா, அந்தச் சக்கரம் சுத்துன சுத்துல எனக்கே தலை சுத்திருச்சு. 'ஏம்ப்பா, இது கம்ப்யூட்டரா, கிரைண்டரா?'ன்னு கேட்டுட்டாரு. என்ன பண்ணப்போற?"

"எல்லாரும் ஒரே பூட்டுக்காக நிக்கறாங்க சார். டயாலிசிஸ் மெஷினுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் போட்டா வேகமாகும். ரெண்டு நாள் குடுங்க."

"ரெண்டு நாளா? சாயங்காலம் வேணும்."

"அப்ப பூட்டையே எடுக்கச் சொல்றீங்களா?"

"யாரு சொன்னா? எடுக்காத. எடுக்காம வேகமாக்கு."

மறுநாள் சத்துல பதுக்கம்மா, தெலங்கானாவின் ஒன்பது நாள் பூத்திருவிழாவின் கடைசி நாள். ஊருக்குப் போகிற கூட்டத்தில் பஸ் பிடிக்க வேண்டும். அம்மா தங்கேடி என்கிற ஆவாரம்பூ பறித்து வைத்துக் காத்திருப்பார். ஸ்வரூபா ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். பூட்டை உண்டாக்குகிற வரியை நான்கு வரி கீழே இறக்கினார். வேகம் பறந்தது. எனக்குக் கைகாட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் சோதித்தேன். தனி ஆளாக உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழுத்தி. எல்லாம் சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்த நான்கு வரியில் என்ன நடந்தது? முன்பு எல்லா இழைகளுக்கும் பொதுவாக ஒரே பூட்டு இருந்தது. கீழே இறக்கியதும், ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதிதாகப் பிறக்கிற பொருளுக்குள் அது போய்விட்டது. ஒவ்வொரு இழையும் தனக்கென்று ஒரு புதுப் பூட்டைக் கொண்டுவந்து, தானே பூட்டி, தானே திறந்து, பத்திரமாக உள்ளே போனது. பக்கத்தில் இன்னொன்றும் அதே போலப் பத்திரமாக உள்ளே போனது. பதினெட்டுப் பெண்களும் ஆளுக்கொரு சாவியைச் செய்துகொண்டு ஒரே குளியலறைக்குள் நுழைந்த கதை. படிக்கிறவர் கண்ணுக்குப் பூட்டு தெரியும். தணிக்கைக்கு வந்தவர் "பூட்டு உண்டு" என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் போனார்.

நாலாவது கவுண்ட்டரில் இருந்தவர் சாயிலு. நிஜாமாபாத் பக்கம், மாதிக என்கிற தலித் சாதிப் பையன், ஒப்பந்தத்தில் வந்த ஆப்பரேட்டர், பி.காம். பயிற்சி கொடுக்கப் போன ஸ்வரூபாவை முதல் நாள் மேடம் என்றவர், ஊரைச் சொன்னதும் அக்கா ஆக்கிக்கொண்டார்.

"உங்க கம்ப்யூட்டருக்கு இருக்கிற மரியாத எனக்கு இல்லக்கா. அதுக்கு ஏசி. எனக்கு மேல காத்தாடி கூட போன வருஷம் ரிட்டையர்டு ஆயிருச்சு."

"கேட்டு வாங்கு."

"கேட்டேன். நீயும் ரிட்டையர்டு ஆகறியான்னு கேட்டாங்க."

பதுக்கம்மா முடிந்து ஏழு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது வாரம் ஒரு புதன்கிழமை, எட்டு மணி ஏழாவது நொடியில், மறுநாள் பத்து மணிக்கு ஆறாம் நம்பர் மெஷினை சாயிலு ஜைத்தூன் பீ என்ற அம்மாவுக்குக் கொடுத்தார். அதே ஏழாவது நொடியில் அதே மெஷினை மேல்மாடி அலுவலகம் வேறொருவருக்குக் கொடுத்தது. இரண்டு சீட்டும் அச்சாகி வந்தன. வியாழக்கிழமை இரண்டு பேரும் படுக்கை முன்னால் வந்து நின்றார்கள். ஒரு சீட்டு மாடியிலிருந்து வந்தது என்றால் இன்னொன்று எதுவாக இருக்க முடியும்? போலி. ஜைத்தூன் பீயை அனுப்பிவிட்டார்கள். அந்த வாரத் திங்கட்கிழமையும் அவருக்கு முறை கிடைத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை இறந்துபோனார்.

அவருடைய கணவர் ஜஹாங்கீர் பாய், ஆட்டோ ஓட்டுகிறவர். ஆட்கள் திரண்டு கேட்டபோது நிர்வாகம் ஒரு பதிலைத் தேடியது. பதில் நாலாவது கவுண்ட்டரில் தயாராக உட்கார்ந்திருந்தது. கை நீட்டிக் காசு வாங்கிக்கொண்டு போலிச் சீட்டு அடித்தார் என்று சாயிலுவை அன்றைக்கே வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். கவனியுங்கள்: பொத்தானை இரண்டு கைகள் அழுத்தின. ஒரு கை நிரந்தர வேலையில், மாடியில் இருந்தது. இன்னொரு கை ஒப்பந்தத்தில், கீழே இருந்தது. எந்தக் கையைப் பிடிப்பது என்று யாரும் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

செய்தி எங்களுக்குத் திங்கட்கிழமை வந்தது. ஸ்வரூபா தன் புரோகிராமைத் திறந்து வைத்துக்கொண்டு பதினொரு மணி வரை படித்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி என்னிடம் சொன்னார்: "நான்தான். நாலு வரி."

வம்சிதரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உக்காரும்மா. தண்ணி குடி. ஒரு உசுரு போயிருக்கு, யாருக்கும் கஷ்டமாத்தான் இருக்கும்."

"கஷ்டத்தச் சொல்ல வரல சார். காரணத்தச் சொல்ல வந்தேன். பூட்டு தப்பான எடத்துல இருக்கு."

"தணிக்கை ரிப்போர்ட்ல 'உண்டு'ன்னு இருக்கே?"

"உண்டு சார். ஆளுக்கொண்ணு உண்டு."

"ஏழு வாரம் ஓடிச்சு. ஒரு நாளைக்கு எத்தன பேரு அழுத்தறாங்க? ஒரே ஒரு தடவ. அது உன் வரியாலதான்னு எப்படிச் சொல்ற?"

"வேற எப்படி சார் ஆகும்?"

"அந்தப் பையன் பண்ணியிருக்கலாம். அத விசாரிக்க ஆளு இருக்காங்க. நீ எழுதிக் குடுத்தா நாப்பது பேரு வேலை போகும். உன் பின்னால உக்காந்திருக்காரே, இவரும்தான்." என்னைக் காட்டினார். நான் தரையைப் பார்த்தேன்.

அட்டவணையிலேயே ஒரு தடை வைத்து, ஒரே முறைக்கு இரண்டு பெயர் ஏறாமல் பார்த்திருக்கலாமே என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். ஸ்வரூபா ஆரம்பத்திலேயே கேட்டார். ரத்தான முறைகளும் அதே அட்டவணையில் கிடக்கின்றன, பிரிக்க நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை கம்பெனியில் என்ன நடந்தது தெரியுமா? சர்வர் அறை வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். திருஷ்டியாம். படித்த பொறியாளர்கள் முப்பத்தெட்டுப் பேர் கைகட்டி நின்றார்கள். குங்குமத் தண்ணீர் கம்பளத்தில் ஊறியது. உடைத்த கையோடு, யாருக்கும் சொல்லாமல், அந்த வரியை நான்கு வரி மேலே ஏற்றிவிட்டார்கள். பூசணிக்காய்க்கு இவ்வளவு சக்தி உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஸ்வரூபா எழுதிக் கொடுத்தார். நேராக விசாரணை அதிகாரிக்கு, தெலுங்கில், ஒன்றரைப் பக்கம். "இது ஆப்பரேட்டர் செய்த தவறு அல்ல. நான் செய்தது. செய்து காட்டுகிறேன்." பழைய வரியோடு இருந்த பிரதி அவரிடம் இருந்தது.

விசாரணை அதிகாரி ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். மரியாதையாகப் பேசுவார். மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தில் இருபது கம்ப்யூட்டர்களை வைத்து, பழைய புரோகிராமை ஏற்றி, இருபது பேரை உட்கார வைத்தார்கள். சாயிலு இஸ்திரி போட்ட சட்டையில் ஓரமாக நின்றிருந்தார். அதிகாரி கேட்டதால் அந்த ஒரு தடவைக்குச் சம்மதித்த கம்பெனியின் சார்பில் வம்சிதர். வழக்கம் போல் நான் ஸ்வரூபாவுக்குப் பின்னால்.

"கண்ணால பாக்கணும்மா. உள்ள என்ன நடக்குதுன்னு எங்களுக்குத் தெரியாது பாருங்க" என்றார் அதிகாரி.

நியாயமான கேள்வி. ஸ்வரூபாவுக்கும் அதுதான் வேண்டும். ஒவ்வொரு இழையும் உள்ளே வருகிறபோதும், பார்க்கிறபோதும், எழுதுகிறபோதும் பெரிய திரையில் ஒரு வரி விழுகிற மாதிரி ஏற்பாடு செய்தார். யார் எப்போது நுழைந்தார் என்று எல்லாரும் பார்க்கலாம். மறைவு ஒன்றும் இல்லை.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" இருபது பேரும் அழுத்தினார்கள். திரையில் வரிகள் ஓடின. ஒருவருக்குக் கிடைத்தது. பத்தொன்பது பேருக்கு "காலி இல்லை".

"மறுபடி."

ஒருவருக்குக் கிடைத்தது. பத்தொன்பது பேருக்கு இல்லை.

முப்பதாவது தடவை வரை எல்லாரும் ஆர்வமாகப் பார்த்தார்கள். அறுபதாவது தடவையில் டீ வந்தது. அழுத்துகிற நர்ஸ் பெண் ஒருத்தி, "சார், எங்க வார்டுல இவ்ளோ ஒழுங்கா யாரும் வரிசையில நிக்க மாட்டாங்க" என்றாள். சிரித்தார்கள். நூறு தாண்டியது. சாயிலு மெதுவாக ஸ்வரூபாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, ஒரே ஒரு தடவையாவது தப்பு பண்ணச் சொல்லுக்கா அத."

நான் அந்த மாதிரி ஒரு பிரார்த்தனையை எந்தக் கோயிலிலும் கேட்டதில்லை. இருநூறு தடவை ஆயிற்று. மெஷின் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அதிகாரி எழுந்தார். "உங்க நேர்மை பெருசும்மா. ஆனா உங்க மேல தப்பு இல்ல. நீங்க பண்ணுனது நல்லாத்தான் வேல செய்யுது." ஒன்றரைப் பக்கக் காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். சாயிலுவின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

மருத்துவமனை வாசலில் ஜொன்ன ரொட்டி, அதாவது சோள ரொட்டி, போடுகிற வண்டிக்குப் பக்கத்துப் படிக்கட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். யாரும் சாப்பிடவில்லை. ரொட்டி தட்டுகிற அம்மாவிடம் ஒரே ஒரு ரொட்டிக்கல்தான் இருந்தது; நான்கைந்து பேர் சுற்றி நின்று ஒவ்வொருவராக வாங்கிப் போனார்கள். ஸ்வரூபா அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்துவிட்டார்.

"திரை" என்றார். "எல்லாத்தையும் திரையில எழுதச் சொன்னேன் பாரு. எழுதறது ஒரே பேனா. அந்தப் பேனாவுக்குன்னு ஒரு பூட்டு இருக்கு, பொதுப் பூட்டு. இருபது இழையும் அந்தப் பேனாவுக்காக வரிசையில நின்னுச்சு. ஒண்ணு எழுதிட்டு உள்ள போயி வேலைய முடிச்சுட்டு வந்தப்புறம்தான் அடுத்தது வந்துச்சு. நான் காட்டணும்னு வச்ச ஏற்பாடே அதுங்கள ஒழுங்கா நிக்க வச்சிருச்சு."

எனக்கு விளங்கியது.  சாயிலுவுக்கும் விளங்கியது, அவர் வழியில்.

"அதாவது, நாம பாத்ததாலதான் ஒழுங்கா நடந்துச்சு. எங்க ஊரு வாத்தியார் மாதிரி. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னிக்கு மட்டும் பாடம் நடத்துவாரு." சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாக்கா, போயிச் சொல்லலாம்."

ஓடினோம். அதிகாரி காரில் ஏறிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, பொறுமையாகத்தான் கேட்டார். ஸ்வரூபா மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். திரையை அணைத்துவிட்டு இன்னொரு தடவை செய்ய அனுமதியுங்கள், முடிவை மட்டும் கடைசியில் எண்ணிப் பார்ப்போம் என்றார்.

"அம்மா, நான் கேக்கறது சரியான்னு பாருங்க. பாத்தா நடக்காது. பாக்காதப்ப நடக்கும். அதானே?"

"ஆமா சார்."

"இதுக்கு எங்க ஊர்ல ஒரு பேர் உண்டும்மா. பேய்." டிரைவர் சிரித்துவிட்டார். கார் போய்விட்டது.

பூசணிக்காயை நம்புகிறவர்கள் நடுவில் காரணம் ஒன்றை மட்டும் நம்பிய ஒரே மனுஷியை, பேயை நம்புகிறவள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் ஸ்வரூபா அழுததை நான் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். சாயிலு பக்கத்தில் நின்று, "அழாதக்கா, ஆளுங்க பாத்தா நான்தான் உன்ன என்னமோ பண்ணிட்டேன்னு அதையும் என் மேல எழுதிருவாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் ஸ்வரூபா வீட்டில், அவருடைய சொந்த லேப்டாப்பில், திரையில் ஒன்றும் எழுதாமல் ஓட்டினோம். ஏழாயிரம் தடவை. முடிவில் எண்ணினோம். பன்னிரண்டு தடவை ஒரே மெஷின் இரண்டு பேருக்குப் போயிருந்தது. பன்னிரண்டு! நான் கத்திவிட்டேன். ஸ்வரூபா கத்தவில்லை. பன்னிரண்டையும் தாளில் எழுதி, நேரத்தோடு எழுதி, திங்கட்கிழமை கொண்டுபோனார்.

அதிகாரியின் அறையில் இருந்த எழுத்தர்தான் பதில் சொன்னார். அறிக்கை போய்விட்டது. இது உங்கள் லேப்டாப், எங்கள் சர்வர் இல்லை. எங்கள் சர்வரில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டுமென்றால் கம்பெனி சம்மதிக்க வேண்டும். கம்பெனியில் கேட்டார். பழைய பிரதி கம்பெனியின் சொத்து, வெளியே கொண்டுபோனதற்கு உங்கள் மீதே நடவடிக்கை எடுக்கலாம் என்று வக்கீல் கடிதம் வந்தது. இப்போது ஓடுகிற புரோகிராமில் சோதியுங்கள் என்றார்கள். சோதித்தால் ஒன்றும் வராது. அதில் பூட்டு சரியான இடத்துக்குப் போய்விட்டதே. தவறைத் திருத்தியவர்கள், தவறு இருந்ததே இல்லை என்று அந்தத் திருத்தத்தைக் கொண்டே நிரூபித்தார்கள்.

சாயிலுவின் ஒப்பந்தம் ரத்தானது. உத்தரவில் "நம்பகத்தன்மை இல்லாதவர்" என்று ஒரு வரி. அந்த வரி இருக்கிற வரை அரசு அலுவலகம் எதிலும் அவர் இன்னொரு கம்ப்யூட்டரைத் தொட முடியாது. கேட்டால் அலுவலக நடைமுறை என்பார்கள். யாருடைய நம்பகத்தன்மையைச் சோதித்தார்கள்? இருநூறு தடவை மெஷினைச் சோதித்தவர்கள் ஒரு தடவைகூட அந்த மனிதரிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஜஹாங்கீர் பாய் ஒரு நாள் எங்கள் கட்டட வாசலுக்கு வந்தார். ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டு, புடவைக்கடைக் காவலாளியிடம் "அந்தத் தப்பு பண்ணுன பொண்ணு" யார் என்று கேட்டிருக்கிறார். ஸ்வரூபா இறங்கிப் போனார். நானும் போனேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நீதானா பேட்டீ?"

"நான்தான் சாச்சா."

"சாயிலு பையன் கைநீட்டிக் காசு வாங்குற ஆளு இல்ல. என் சம்சாரத்த அம்மி, அம்மின்னு பெத்த தாய் மாதிரிதான் கூப்பிடுவான். நான் குடுத்தேன்னு எதோ எழுதி வச்சிருக்காங்களாம். தெலுங்குல இருந்துச்சு, எனக்கு உருதுதான் வாசிக்கத் தெரியும். மய்யித்த எடுக்கற அவசரம். கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன்."

ஸ்வரூபா வாசல்படியை விட்டு இறங்கி அவருக்கு நேராக வந்து நின்றார்.

"நீ பண்ணுனேன்னு எல்லார்கிட்டயும் சொல்றியாமே. நம்பறேன். ஆனா ஒண்ணு சொல்லு. நான் யாரு மேல கோபப்படறது? உன் மேலயா, நாலு வரி மேலயா? நாலு வரிய எப்படிம்மா போயி சட்டையப் பிடிக்கறது?"

பிடிக்கிறதற்கு ஒரு சட்டை வேண்டும். அதனால்தான் சாயிலுவின் சட்டையைக் கொடுத்தார்கள். இதை ஸ்வரூபா அவரிடம் சொல்லவில்லை. நான்தான் இங்கே சொல்கிறேன். அவர், "என் மேல படுங்க சாச்சா" என்று மட்டும் சொன்னார்.  ஜஹாங்கீர் பாய் கோபப்படவும் தெம்பில்லாமல் ஆட்டோவில் ஏறினார். ஏறியவர் இறங்கி வந்து, "மனு எதாவது எழுதுனா கொண்டா, கையெழுத்துப் போடறேன். ஆனா இந்தத் தடவ உருதுல வாசிச்சுக் காட்டணும்" என்றார்.

அது நடந்து மூன்று வருடம். ஸ்வரூபா வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மாதத்துக்கு ஒரு மனு. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒன்று, ஆணையத்துக்கு ஒன்று, துறைச் செயலாளருக்கு ஒன்று. வந்த பதில்கள்: வணிக ரகசியம், வெளியிட இயலாது. விசாரணை முடிந்தது, மறுபடி திறக்க முகாந்திரமில்லை. தாங்கள் பாதிக்கப்பட்டவர் அல்ல. ஒரு பதிலில் மட்டும் யாரோ ஓர் எழுத்தர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: "அம்மா, விட்டுவிடுங்கள்." அதில் கேலி இல்லை என்று நினைக்கிறேன்.

சாயிலு நிஜாமாபாதில் மஞ்சள் மண்டியில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறார். கையால். போன மாதம் போனில் பேசினோம். "கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறாங்கண்ணா. பொண்ணு வீட்டுக்காரங்க ஏன் அந்த வேலைய விட்டேன்னு கேக்கறாங்க. இழை, பூட்டு, பேனான்னு நான் சொல்லிட்டே போனேன். பொண்ணோட மாமா, 'தம்பி, எவ்ளோ வாங்குன?'ன்னு கேட்டாரு." இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அக்காவை இனி மனு எழுதவேண்டாமென்று சொல்லச் சொன்னார். சொன்னேன். ஸ்வரூபா கேட்கவில்லை.

அவருக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். "தப்பு என்னுது" என்றார்.

நான் இருக்கிற பிரிவு சோதனைப் பிரிவு. எல்லாம் சரி என்று அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அதனால் இதை எழுதுகிறேன், அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு கவுண்ட்டர் இருக்கும். ரேஷன் கடை, பதிவு அலுவலகம், மருத்துவமனை, விடுதிச் சேர்க்கை, ஏதோ ஒன்று. ஒரே பொருள் இரண்டு பேருக்குப் போய்விட்டது, ஆப்பரேட்டர்தான் திருடினார் என்று ஒரு நாள் சொல்வார்கள். அன்றைக்கு அவரை அடிக்கக் கை ஓங்குகிற கூட்டத்தில் நிற்காதீர்கள். இரண்டு சீட்டையும் கையோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நொடி வரை நேரம் தெரிகிற மாதிரி. புரோகிராமை யாரும் தொட்டுத் திருத்துவதற்குள், அதே வாரத்தில், கீழே உள்ளதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஸ்வரூபா மூன்று வருடம் கழித்துக் கற்றுக்கொண்ட வாசகம் இது, நீங்கள் முதல் நாளே எழுதலாம்:

"குறிப்பிட்ட நொடியில் எத்தனை இடங்களிலிருந்து கோரிக்கைகள் வந்தன? அன்று ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் பிரதியை மாற்றாமல் முத்திரையிட்டு வையுங்கள். திரையில் எதையும் எழுதவிடாமல், பத்தாயிரம் தடவை ஓட்டி, முடிவை எண்ணிச் சொல்லுங்கள். அதுவரை யாரையும் வேலையிலிருந்து நீக்காதீர்கள்."

எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் முகவரியையும் போடுங்கள்.